வெள்ளைக்காரன் சொன்ன தண்ணீர்க் கணக்கு

2024 ஜூன் 9, ஞாயிறு

கடைக்குப் போய்த் திரும்பிய துஷாந்த், வீட்டுக்கு முன்னால் நின்ற வாகனத்தைக் கண்டுவிட்டு உள்ளே வந்து, "அம்மா, ஆர் வந்திருக்கினம்?" என்று கேட்டான்.

"நான்தான்" என்றேன்.

நான் வாங்கினது பழைய ஆர்விதான். படுக்கை, அடுப்பு, குளிக்கும் இடம், கழிப்பறை எல்லாம் உள்ளுக்குள்ளேயே இருக்கிறது. முன்பக்கம் கறள் பிடித்திருக்கிறது, ஒரு யன்னல் திறக்காது. ஆனால் இயந்திரம் சுத்தம். கராச் வைத்திருக்கிற றொய்சன் அடியில் படுத்துப் பார்த்துச் சொன்னான். அவன் சொன்னதை நம்பாமல் நானும் படுத்துப் பார்த்தேன். இந்தப் புனிதவதிக்கு முழங்கால் நோ என்று ஸ்காபரோ முழுக்கச் சொல்லித் திரிகிறார்கள். படுக்கிறதற்கு முழங்கால் எதற்கு?

மூன்று கோடையாகப் பொறுத்தேன். மகன், மருமகள் துஷானி, பேத்தி லக்சிகா, துஷானியின் தகப்பன் குஞ்சித்தம்பி, நாலு பேரும் ஏரிக்கரையில் கூடாரம் அடிக்கப் போவார்கள். நான் ரூஜில் இந்த வீட்டின் பின்வளவில் கத்தரிக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவேன். "அம்மாவுக்கு நிலத்திலை படுக்கச் சரிவராது" என்பான் துஷாந்த். சம்பந்தியார் என்னைவிட மூப்பு. அவருக்கு மட்டும் நிலம் சரிவருமாம்.

இனி நிலத்தில் படுக்கத் தேவையில்லை. வேறு சாட்டு இருந்தால் சொல்லட்டும்.

ஜூன் 12, புதன்

மூன்று நாளாகப் பேசாமல் இருந்த துஷாந்த் இன்று மேசையில் வந்து இருந்தான். கந்தோரில் ஆளை வேலையால் நிற்பாட்டுகிற குரல்.

ஓகஸ்ட் லோங் வீக்கெண்டுக்கு ஆர்வியில் போவதாம். வெள்ளி போய்ச் செவ்வாய் வருவது. நான் சொல்கிற காட்டுக்கே போகலாம், கரண்ட் இல்லாத, தண்ணீர்ப் பைப் இல்லாத இடத்துக்கே போகலாம். ஆனால் இடையில் ஏதாவது பழுதாகித் திரும்பி வரவேண்டி வந்தால் ஆர்வியை விற்றுவிட வேண்டும்.

"வித்தாப் பிறகு?" என்றேன்.

"வித்தாப் பிறகு ஒரு கதையும் இல்லை. நாங்கள் முந்தி மாதிரி டென்டோடை போவம். நீங்கள்..."

"கத்தரிக்கன்றோடை" என்று நானே முடித்து வைத்தேன். கை கொடுத்தேன். தாயும் பிள்ளையும் கை குலுக்கினதை லக்சிகா படம் எடுத்தாள். எடுக்கட்டும், சாட்சி.

ஜூன் 30, ஞாயிறு

எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லித் தந்ததில்லை. என் மனுசன் இருந்த காலத்திலும் கார் ஓட்டினது நான்தான். கேற்றரிங்காரருக்கு வான் ஓட்டி ஸ்காபரோ முழுக்கச் சாப்பாடு கொண்டுபோனவள், ஒரு கறித்தட்டுக்கூடக் கவிழ்த்ததில்லை. இப்போது யூடியூப்பில் ஒரு தாடிக்காரன் கிடைத்திருக்கிறான். வெள்ளைக்காரன், பெண்சாதி, இரண்டு பிள்ளைகள். வருடம் முழுக்கக் காட்டில்தான் சீவியம். ஒவ்வொரு வீடியோவையும் இரண்டு தரம் பார்க்கிறேன்.

கரண்டுக்கு மேலே சூரியத் தட்டு. அடுப்புக்குக் காஸ். கழிப்பறைக்கு அடியில் ஒரு தாங்கி, குளிக்கிற தண்ணீரும் அதற்குள்தான், அது நிறைந்தால் அதற்கென்று உள்ள இடத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். தாடிக்காரனின் தாங்கியும் என்னுடையதும் ஒரே அளவு. நாலு பேருக்கு ஒரு கிழமை தாராளம் என்கிறான். நாங்களும் நாலு பேர். சம்பந்தியார் தன் காரில், தன் கூடாரத்தோடு வருகிறார். அவர் கணக்கில் இல்லை.

இன்று பின்னேரம் வந்து ஆர்வியைச் சுற்றிப் பார்த்தார். விரல் முட்டியால் தட்டினார். மட்டக்களப்பார் அவசரப்பட்டு ஒன்றும் சொல்ல மாட்டார். தேத்தண்ணீர் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "நல்ல தகரம் கா. கோழி வளர்க்கலாம்."

ஜூலை 14, ஞாயிறு

வாசலில் ஒத்திகை. தனியே உள்ளே படுத்தேன். நல்ல நித்திரை. காலையில் தோசை சுட்டால் மா ஒரு பக்கமாக ஓடுகிறது. ஒரு பக்கம் கடுதாசி, மற்றப் பக்கம் ரொட்டி. ஆர்வி சரிந்து நிற்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. சில்லுக்கு அடியில் பலகை வைத்து, இறங்கி ஏறி, திரும்பச் சுட்டுப் பார்த்து, ஐந்தாவது தோசை வட்டமாக வந்தது. மட்டம் பார்க்கத் தாடிக்காரன் ஏதோ ஒரு கருவி வாங்கச் சொல்கிறான். எனக்குத் தோசைக்கல் போதும்.

இன்னொரு வேலையும் செய்தேன். கழிப்பறையில் கையில் பிடித்துக் கழுவுகிற சின்னப் பைப் பூட்டினேன். தாடிக்காரனிடம் அது இல்லை, பாவம்.

ஜூலை 27, சனி

கத்தரிக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றப் பக்கத்து வீட்டுச் சீமோனைக் கேட்டேன். சம்மதம். கேட்கும்போது எனக்கு இருந்த சந்தோசத்தை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஓகஸ்ட் 2, வெள்ளி

வந்துவிட்டோம். பாங்க்றொவ்ற் என்ற ஊருக்கும் அப்பால், அரசாங்கக் காட்டுக் காணி. முன்னால் ஏரி. ரெலிபோன் எடுக்காது.

வழியில் ஒரு சின்ன விசயம். பெருந்தெருவை விட்டுத் திரும்பின முதல் வளைவில் அலுமாரிக் கதவு திறந்து, மூன்று கிலோ மிளகாய்த்தூள் சாடி விழுந்து உடைந்தது. சரக்கும் மிளகாயும் நானே வறுத்து அரைப்பித்த தூள். காற்றுக்கு யன்னலைத் திறந்தார்கள். அது பிழை. தூள் எழும்பிவிட்டது. தெருவோரம் நிறுத்தி எல்லாரும் வெளியே குதித்து நின்று தும்மினோம். லக்சிகா கண்ணைப் பொத்திக்கொண்டு, "அப்பம்மா, திஸ் இஸ் லிற்றறலி பெப்பர் ஸ்பிறே" என்றாள். பொலிஸ்காரர் ஒருவர் நிறுத்தி, உதவி வேண்டுமா என்று தலையை உள்ளே விட்டார். பிறகு ஒன்றும் கேட்காமல் தன் காருக்குப் போனார். போகிற வழியெல்லாம் தும்மல் கேட்டது.

துஷாந்த் கண்ணீர் வடிய என்னைப் பார்த்து, "திரும்புவமோ?" என்றான்.

"ஏன், நீ தும்ம மாட்டியோ?"

அலுமாரிக் கதவைப் பூட்டியது துஷானி. நான் பூட்டியிருந்தால் திறந்திருக்காது. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. பெருந்தன்மை.

சம்பந்தியார் வந்த உடனே கூடாரம் அடித்துவிட்டுக் கதிரையில் இருந்து, நான் பலகை வைக்கிறதை வேடிக்கை பார்த்தார். மூன்றாவது தோசையில் மட்டம் வந்தது. முதல் இரண்டையும் அவருக்குக் கொடுத்தேன். சாப்பிட்டார்.

ஓகஸ்ட் 3, சனி

காலையில் எல்லாம் நேர். பறவைச் சத்தம். கழுவுகிற பைப்புக்குத் துஷானியே நன்றி சொன்னாள். முந்தின வருடங்களில் போத்தலும் கையுமாகப் பற்றைக்குப் போன கதையெல்லாம் சொன்னாள். சம்பந்தியார் மட்டும் இன்னும் போத்தலோடு பற்றைக்குத்தான் போகிறார். தகரத்துக்குள் அவருக்கு வராதாம்.

மத்தியானம் பாத்திரம் கழுவுகிறேன். சுவரில் தாங்கியின் அளவு காட்டுகிற விளக்குகள். பச்சை கடந்து, மஞ்சள் கடந்து... சிவப்பு.

சிவப்பா? வந்து ஒரு நாள்கூட முடியவில்லையே. விளக்குத்தான் பழுது என்று நினைத்துத் தட்டிப் பார்த்தேன். போகவில்லை. கழிப்பறையில் எட்டிப் பார்த்தேன். விளக்கு பழுதில்லை.

ஒரு கிழமை என்றவன் எங்கே, இது எங்கே? என்ரை கணக்கிலை என்ன பிழை? ஒரு பிழையும் இல்லை. அவன் சொன்ன கணக்கை அப்பிடியே செய்தனான். இப்ப துஷாந்த் கண்டால் "அம்மா, போவம்" எண்டு சாமான் கட்டுவான். பிறகு வாற கோடை, அதுக்கு அடுத்த கோடை...

அவன் ஏரிப்பக்கத்தில் இருந்து வருகிற சத்தம் கேட்டது. துஷானி பொட்டுகளைக் கழற்றிக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள். ஒரு கறுப்புப் பொட்டை எடுத்துச் சிவப்பு விளக்கின் மேல் ஒட்டினேன். அளவாக இருந்தது.

பிறகு எல்லாரையும் கூப்பிட்டு, காடு எவ்வளவு சுத்தமானது, காற்று எவ்வளவு நல்லது, நாங்கள் வீட்டில் இருப்பதுபோலத் தகரத்துக்குள் அடைந்து கிடக்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று கேட்டேன். லக்சிகா போத்தலையும் பற்றையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு "நோ" என்றாள்.

பின்னேரம் சம்பந்தியார் தேத்தண்ணீருக்கு வந்தார். மற்றவர்கள் விறகு பொறுக்கப் போய்விட்டார்கள். கோப்பையை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"என்ன கா, லைட்டுக்குப் பொட்டு வெச்சிருக்கிறீங்க. நாவூறு படுமெண்டா?"

"ஓம்" என்றேன்.

எழும்பிப் போய்ப் பொட்டை உரித்துப் பார்த்தார். திரும்ப அதே இடத்தில் ஒட்டி, பெருவிரலால் அமத்திவிட்டு வந்து இருந்தார். சிரித்திருந்தால் பொறுத்திருப்பேன். சிரிக்கவில்லை.

"உங்கட தாடிக்காரன் துடைக்கிற ஆள் கா. நாம கழுவுற ஆக்கள்."

அத்தனை வீடியோ. ஒவ்வொன்றையும் இரண்டு தரம். அந்த ஒரு விசயத்தை அவன் ஒரு இடத்திலும் சொல்லவில்லையே. அவனுக்கு ஏன் சொல்ல வேண்டும் என்று தோன்றப் போகிறது? அதோடு பைப்பை வேறு நானே பூட்டிக் கொடுத்தேன்.

அவர் போய்ச் சொல்லப் போகிறார் என்று தெரிந்தது. எனவே நானும் கையில் இருந்ததை எடுத்தேன். காலையில் அவருடைய காரைக் கடந்து போனபோது முன்சீற்றில் தலையணையும் போர்வையும் கண்டேன். கூடாரத்துக்குள் காற்று மெத்தை சப்பளிந்து கிடந்தது.

"கூடாரத்துக்குள்ளை நல்ல நித்திரையோ?" என்றேன்.

கோப்பையைக் கையில் எடுத்தார். அதில் ஒன்றும் இல்லை.

"நிலத்தில படுத்தா எழும்ப ஏலாது கா" என்றார் மெதுவாக. "புள்ளைக்குச் சொல்லிராதீங்க. சொன்னா அடுத்த வருசம் என்னையும் விட்டுட்டுப் போயிருவாங்க."

ஒரு கத்தரிக்கன்று தரட்டோ என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. இன்னொரு கோப்பை ஊற்றிக் கொடுத்தேன்.

வருகிற வழியில் ஒரு ஆர்விப் பூங்கா கண்டோம், அங்கே கழிவு கொட்டுகிற இடம் இருக்கும் என்றார். நாளைக்கு.

ஓகஸ்ட் 4, ஞாயிறு. ஆடி அமாவாசை

தகப்பன் இல்லாத ஆண்பிள்ளைகள் விரதம் இருக்கிற நாள். துஷாந்த் அவர் போன வருடத்திலிருந்து தவறவிட்டதில்லை. விடிய எழும்பி, சவர்க்காரத்தோடும் துவாயோடும் குளிக்கும் அறைக்குப் போனான். நான் குறுக்கே நின்றேன். அந்தத் தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

இன்றைக்குச் சனம் கீரிமலைக்குப் போய்த் தீர்த்தமாடுகிறது, கடவுள் உனக்கு வாசலில் ஒரு ஏரியை வைத்திருக்கிறார், நீ தகரத்துக்குள் குளிக்கப் போகிறாயோ என்று கேட்டேன். துஷாந்த் மூன்று தரம் முழுகினான். அவன் முழுகின விதத்தைப் பார்த்து லக்சிகாவும் துஷானியும் பாய்ந்தார்கள். ஒரு துளி தாங்கிக்குப் போகவில்லை. அவர் இருந்திருந்தால் என் கண்ணைப் பார்த்தே பிடித்திருப்பார். இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

பிறகு மூவரையும் சம்பந்தியாரின் காரில் கட்டிவந்த கனூப் படகில் போய்வரச் சொன்னேன். சமையல் முடிய மத்தியானம் ஆகும், விரதக்காரன் அடுப்பு மணத்தில் நிற்கக் கூடாது என்றேன். துஷாந்த் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கிப் போவதைக் கண்டேன். கண்ணால் கண்டேன். அதை இங்கே அழுத்தி எழுதுகிறேன்.

அவர்கள் மறைந்ததும் சம்பந்தியாரும் நானும் பலகைகளை இழுத்துப் போட்டோம். ஆர்வியைக் கிளப்பினேன். கட்டின சாரத்தோடேயே முன்சீற்றில் ஏறிவிட்டார். கதிரைகளும் கூடாரமும் அப்படியே நின்றன. பாயாசத்துக்கு ஊறவைத்த சவ்வரிசியை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். குன்றில் ஏறும்போது சாரத்தில் கொஞ்சம் ஊற்றுப்பட்டது.

பூங்காவில் வரிசை. லோங் வீக்கெண்டில் ஞாயிறு கொட்ட வருகிறவர்கள் இவ்வளவு பேரா? எங்களுக்குப் பின்னால் நின்றவனுக்கும் தாடி. எத்தனை நாளாக வெளியே நிற்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ஒன்பது நாளாம். இரண்டு பேராம். தாங்கி இன்னும் நிறையவில்லையாம், இந்தப் பக்கம் வந்ததில் ஒரு சாட்டுக்குக் கொட்டுகிறானாம். "அண்ட் யூ?" என்று கேட்டான். நான் முன்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் முறை வந்தது. சம்பந்தியார் குழாயின் ஒரு முனையைத் துவாரத்தில் பிடித்தார், நான் மற்ற முனையைப் பூட்டினேன்.

"இறுக்கினீங்களா?"

"நான் பூட்டினா பூட்டினதுதான்."

"கேட்டன், அவ்வளவுதான் கா."

"பிடிக்கிறதைப் பிடியுங்கோ."

பூட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. அவர் பக்கம்தான் துள்ளியது. பாம்பு மாதிரி ஒருதரம் எழும்பி விழுந்தது. அவர் காலால் மிதித்துப் பிடித்ததை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதற்குள் சாரத்தில் சவ்வரிசி மட்டும் என்று சொல்ல முடியாமல் போய்விட்டது. அங்கே இருந்த தண்ணீர்க் குழாயின் கீழ் நின்று, சாரத்தோடேயே குளித்தார். "அமாவாசைத் தீர்த்தம்" என்றார். தாடிக்காரன் மரியாதையாக மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. கனநாளைக்குப் பிறகு.

திரும்பி வந்து நிறுத்தி, இயந்திரத்தை அணைத்தேன். தலைக்கு மேலே கட்டிலின் திரை அசைந்தது.

முன்சீற்றுகளுக்கு மேலே ஒரு கட்டில் இருக்கிறது. லக்சிகாவின் கட்டில். பகலில் அதில் ஒருவரும் இல்லை. திரையை விலக்கிக்கொண்டு துஷாந்த் இறங்கினான்.

வெறும் வயிற்றில் கனூவில் ஏறத் தலைசுற்றியதாம். துடுப்பை அவர்களிடம் கொடுத்துவிட்டு, மற்றப் பக்கத்தால் சுற்றி வந்து ஏறிப் படுத்தானாம். அந்த நேரம் நான் சம்பந்தியாரோடு சில்லடியில் பலகை இழுத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"நல்ல நித்திரை அம்மா" என்றான். கைகளை நீட்டிச் சோம்பல் முறித்தான். பிறகு யன்னலால் பார்த்தான். ஒரு பக்கம் பார்த்தான், மற்றப் பக்கம் பார்த்தான். அவசரத்தில் நான் ஆர்வியை மறுபக்கம் பார்க்க நிறுத்தியிருந்தேன்.

"ஏரி முந்தி இந்தப் பக்கமெல்லோ இருந்தது?"

சம்பந்தியார் ஈரச் சாரத்தோடு, மடியில் சவ்வரிசிச் சட்டியோடு, அசையாமல் இருந்தார்.

"விரதத்தில அப்பிடித்தான் தெரியும் மருமகன்" என்றார்.

"ஓம், இருக்கும்" என்றான் துஷாந்த். இறங்கிப் போய்விட்டான்.

மத்தியானம் படைத்துச் சாப்பிட்டோம். பலகை வைக்க மறந்துபோனேன். சொதி எல்லாத் தட்டிலும் ஒரே பக்கமாக ஓடியது. "மாமி, நேற்று இப்பிடி ஓடேல்லையே" என்றாள் துஷானி. துஷாந்த் தலை நிமிரவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான்.

அவனுக்குத் தெரியுமா, தெரியாதா?

ஓகஸ்ட் 5, திங்கள்

இடையில் திரும்பி வந்தால் என்பதுதான் பேச்சு. வீட்டுக்குத் திரும்பவில்லை. வீடுதான் எங்களோடு வந்தது. எந்தக் கோட்டு வழக்கிலும் நான் வெல்லுவேன்.

சம்பந்தியாருக்கு முதுகுப் பிடிப்பு, குளிரில் வந்தது என்று நான்தான் எல்லாருக்கும் சொன்னேன். கீழ்க்கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் பேத்தியோடு மேலே படுத்தேன். முழங்கால் நோகத்தான் செய்தது. அதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

ஓகஸ்ட் 6, செவ்வாய்

வீடு. சொன்ன நாளுக்குச் சொன்னபடி. இறங்க முன்னம் பொட்டை உரித்துக் குப்பையில் போட்டேன். கத்தரி இரண்டு காய்த்திருக்கிறது.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

துஷாந்த் விற்கிற கதை எடுக்கவில்லை. வைத்திருக்கிற கதையும் எடுக்கவில்லை. இந்தப் பிள்ளைக்குத் தகப்பனின் வாய்.

ஒக்டோபர் 6, ஞாயிறு

பைப்புகள் உறையாமல் மருந்து ஊற்றி, றொய்சனின் வளவில் விட்டேன். ஆர்வியைப் பூட்டித் திறக்க இரண்டு திறப்பு. ஒன்று என்னிடம். மற்றது குசினியில் துஷாந்தின் திறப்புகளோடு தொங்குகிறது. கழற்றச் சொல்லி அவனும் கேட்கவில்லை.

2025 மே 18, ஞாயிறு

காலையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். துஷாந்த் ரெலிபோனில் கலண்டரைத் திறந்து வைத்துக்கொண்டு முன்னால் வந்து இருந்தான்.

"அம்மா, ஓகஸ்டிலை எந்தக் கிழமை உங்களுக்குச் சரி?"

நாலு வருடம். "அம்மாவுக்குச் சரிவராது" என்று எனக்கு முன்னாலேயே பேசுவான். உங்களுக்கு எது சரி என்று இன்றைக்குத்தான் கேட்கிறான்.

"பாத்துச் சொல்லுறன்" என்றேன். உடனே சொல்ல நான் என்ன வேலையில்லாமலா இருக்கிறேன்?

பின்னேரம் றொய்சனின் வளவுக்குப் போய் ஆர்வியைத் திறந்தேன். பூஞ்சண மணம், அதற்குள் இன்னும் மிளகாய்த்தூள். இரண்டு தரம் தும்மினேன். சுவரைப் பார்த்தேன்.

சிவப்பு விளக்கின் மேல் ஒரு பொட்டு. புதுசு. கறுப்பு, கொஞ்சம் பெரிது. நடுவில் நேராக, யாரோ பெருவிரலால் அமத்தி ஒட்டியிருக்கிறார்கள்.

துஷானிக்கு இந்தக் கதை தெரியாது. சம்பந்தியாரிடம் திறப்பு இல்லை.

உரித்துப் பார்க்கவில்லை. யார் ஒட்டினது என்று கேட்கவும் மாட்டேன். வரும் வழியில் சம்பந்தியாருக்கு ரெலிபோன் எடுத்து, கீழ்க்கட்டில் உங்களுக்குத்தான், போத்தலை மறக்காமல் கொண்டுவாருங்கள் என்று சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் சீமோனின் கதவைத் தட்டினேன். ஓகஸ்டில் கத்தரிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும்.